உட்கார்ந்திருக்கும் வேகக்கால் அகிலீஸ்

டிராய்ப் போரைப் பாடும் ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியட்டை மொழிபெயர்ப்பில் முதன்முதலாக வாசிக்கிறவர்கள் மூன்று காண்டம் தாண்டுவதற்குள் ஒரே புகாரைச் சொல்வார்கள்: சொன்னதையே எத்தனை தடவை சொல்வார் இந்த மனிதர்? புகாரில் நியாயம் உண்டு. நாயகன் அகிலீஸின் பெயரை எடுத்தாலே 'வேகக்கால்' என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டு வருகிறது. ஒன்பதாம் காண்டத்தில் அவன் போருக்கே போகாமல் குடிலில் உட்கார்ந்து யாழ் மீட்டிக்கொண்டிருக்கிறான். சமாதானம் பேச வந்தவர்களுக்கு அவன் பதில் சொல்லும்போதும் 'வேகக்கால் அகிலீஸ்'தான். கரையேற்றி ஒன்பது வருடமாகி, மரம் உளுத்துக் கயிறு இற்றுக் கிடக்கும் கப்பல்களுக்கு 'விரைந்தோடும் கப்பல்கள்' என்று பெயர். ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில் 'ரோஜா விரல் விடியல்' சுமார் இருபது தடவை, எழுத்து மாறாமல் அதே அடியாகப் புலர்கிறது.

இதையெல்லாம் அலுப்போடு தாண்டிப் போனால் கதை மட்டும்தான் மிஞ்சும். ஹோமரின் கைவண்ணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. ஒரே அச்சில் பல முறை வார்த்துவிட்டு, ஒரே ஒரு முறை அச்சை லேசாக நெளிப்பார். அந்த நெளிவு காதில் விழ வேண்டுமானால் அச்சு முதலில் பழகியிருக்க வேண்டும்.

அச்சுக்கு அடிப்படை யாப்பு. இலியட் 15,693 அடி, ஒடிசி 12,109 அடி. பதிப்புக்குப் பதிப்பு ஒன்றிரண்டு கூடும், குறையும். அத்தனையும் ஒரே யாப்பு, டாக்டிலிக் ஹெக்ஸாமீட்டர். அடிக்கு ஆறு சீர். முதல் நான்கு சீரும் 'நெடில்-குறில்-குறில்' ஆகவோ 'நெடில்-நெடில்' ஆகவோ வரலாம். ஐந்தாம் சீர் பெரும்பாலும் 'நெடில்-குறில்-குறில்'. ஆறாம் சீரில் இரண்டே அசை. கடைசி அசை நெடிலோ குறிலோ, எதுவானாலும் சரி. ஆக, ஓர் அடியில் குறைந்தது 12 அசை, அதிகம் போனால் 17. எதுகை கிடையாது, மோனை கட்டாயமில்லை, செய்யுள் பத்தியாகப் பிரிவதும் இல்லை. ஆயிரக்கணக்கான அடிகள் ஒரே ஓட்டமாக ஓடுகின்றன.

தமிழ் யாப்பு தெரிந்தவர்கள் உடனே 'அறுசீர்க் கழிநெடிலடி' என்று நினைப்பார்கள். சீர் எண்ணிக்கை மட்டும்தான் ஒற்றுமை. தமிழில் இடத்தைப் பொறுத்துத் தனிக்குறிலும் நேரசை, தனிநெடிலும் நேரசை. கிரேக்கத்தில் அப்படி விட்டுக்கொடுப்பது கிடையாது. ஒரு நெடிலுக்கு விலை இரண்டு குறில், கணக்கு நேராக வர வேண்டும். ஆனால் வேறொரு விதத்தில் தமிழருக்கு இது சுலபம். எ-ஏ, ஒ-ஓ என்று நாம் பிரித்து எழுதுவது போலவே கிரேக்க எழுத்தும் எப்சிலான்-ஈட்டா, ஓமிக்ரான்-ஓமேகா என்று பிரித்து எழுதுகிறது. ஆங்கில எழுத்தில் படிக்கிறவர் திணறும் இடத்தைத் தமிழ் எழுத்து அப்படியே காட்டிவிடும். இலியட்டின் முதல் அடியைச் சீர் பிரித்துப் பாருங்கள்:

மேனின்அ | எய்தெதெ | ஆபே | லேஇஅ | தெயோஅகி | லேஒஸ்

'பேலேவின் மகன் அகிலீஸின் சினத்தைப் பாடு, தேவி' என்பது பொருள். அலகிடும் வழி இது. முதல் அசை எப்போதும் நெடில், அதைக் குறித்துவிடுங்கள். பிறகு வால் பக்கம் போய், கடைசி ஐந்து அசைகளை 'நெடில்-குறில்-குறில், நெடில்-ஏதாவது' என்று குறியுங்கள். பெரும்பாலும் சரியாக இருக்கும். மீதியில், நெட்டுயிர் இருந்தால் நெடில். இரட்டை உயிரொலி (எய், அய், எவ்) இருந்தால் நெடில். குற்றுயிரை அடுத்து இரண்டு மெய் வந்தாலும் நெடில். மேலே 'மேனின்' என்பதில் 'னின்' குறிலாகவே நிற்கிறது; அடுத்த சொல் உயிரில் தொடங்குவதால் 'ன்' அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. நம் 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது' மாதிரிதான்.

தொடக்கக்காரர்கள் தடுக்கி விழும் இடம் ஐந்தாம் சீர். 'தெ', 'யோ' இரண்டையும் தனித்தனியாக எண்ணினால் ஓர் அசை கூடிவிடும். இரண்டையும் ஒரே நெடிலாகக் குழைத்துச் சொல்ல வேண்டும். அடுத்த சறுக்கல் அழுத்தம். கிரேக்கச் சொற்களின் மேல் அச்சாகியிருக்கும் குறிகள் குரல் ஏற்ற இறக்கத்துக்கானவை. தாளத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. 'அஎய்தெ' என்பதில் குறி விழுவது 'அ' மேல், தாளம் விழுவது 'எய்' மேல். குறியைப் பார்த்துத் தட்டினால் அடி சிதறிவிடும்.

இன்னொன்றும் கவனிக்கலாம். அகிலீஸின் பெயருக்கு எழுவாயாக வரும் வழக்கமான வடிவம் 'அகில்லெவ்ஸ்', இரண்டு ல். இங்கே 'அகிலேஒஸ்', ஒரே ல். வேற்றுமை உருபு மாறியதற்கும் இந்த ல் குறைந்ததற்கும் தொடர்பில்லை. 'அகில்' என்று ஒற்று வந்தால் அது நெடிலாகிவிடும், அந்த இடத்துக்குக் குறில் வேண்டும், அவ்வளவுதான். நாயகனின் பெயரையே அடிக்கு ஏற்றபடி நீட்டிக் குறுக்கலாம். ஒடிசியின் நாயகன் ஒடிஸியஸுக்கும் இதே சலுகை: ஒரு ஸ், இரண்டு ஸ் என்று இரண்டு வடிவம்.

ஏறக்குறைய எல்லா அடியிலும் மூன்றாம் சீரின் நடுவே ஒரு சொல் முடியும். அங்கே அடி மூச்சு விடுகிறது. சில அடிகளில் நான்காம் சீரின் முதல் நெடிலுக்குப் பின்னும் ஒரு வெட்டு. நான்காம் சீர் முழுதாக முடியும் இடத்தில் இன்னொன்று. ஆனால் நான்காம் சீரின் இரண்டு குறில்களுக்கு நடுவே மட்டும் சொல் முடிவது மிக அபூர்வம். அங்கே முடிந்தால் அடியே முடிந்துபோனது போலக் காது ஏமாந்துவிடும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய அறிஞர் காட்ஃப்ரீட் ஹெர்மன் இதைக் கண்டு சொன்னார். பாடியவர்கள் அதற்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, விதி என்று தெரியாமலே, அதைக் கடைப்பிடித்திருக்கிறார்கள்.

இந்த வெட்டுகளை மனதில் வைத்துக்கொண்டால் அடைமொழி எதற்கு என்பது விளங்கும். அடியின் பின்பாதியை அகிலீஸ் பெயரால் நிரப்ப வேண்டும். எவ்வளவு இடம் காலி? நான்காம் சீருக்குப் பின் ஐந்து அசை காலி என்றால் 'தீஒஸ் அகில்லெவ்ஸ்' (ஒளிமிகு அகிலீஸ்). அதே அளவு இடம், ஆனால் உயிரில் தொடங்க வேண்டும் என்றால் 'ஓகுஸ் அகில்லெவ்ஸ்' (விரைந்த அகிலீஸ்). ஏழு அசை காலி என்றால் 'பொதஸ் ஓகுஸ் அகில்லெவ்ஸ்' (வேகக்கால் அகிலீஸ்). மூன்றாம் சீரின் முதல் குறிலோடு வெட்டு விழுந்து எட்டு அசை காலி என்றால் 'பொதர்கேஸ் தீஒஸ் அகில்லெவ்ஸ்'. ஒடிஸியஸுக்கும் அதே இடங்களுக்கு அதே அளவில் தனி வரிசை உண்டு: 'தீஒஸ் ஒதுஸ்ஸெவ்ஸ்', 'பொலுமேதிஸ் ஒதுஸ்ஸெவ்ஸ்' (பலசூழ்ச்சி ஒடிஸியஸ்), 'பொலுத்லாஸ் தீஒஸ் ஒதுஸ்ஸெவ்ஸ்' (பலதுயர் தாங்கிய ஒளிமிகு ஒடிஸியஸ்).

இப்போது பேச்சைத் தொடங்கிவைக்கும் அடியைப் பாருங்கள். 'தொன் தபமெய்பொமெனொஸ் ப்ரொஸெஃபே', அதாவது 'அவனுக்கு மறுமொழியாகச் சொன்னான்'. இது சரியாக 10 அசை. இதோடு ஏழசைப் பெயர் ஒன்றை மாட்டினால் 17 அசையில் முழு அடி தயார். ஒடிஸியஸை மாட்டலாம், அகிலீஸை மாட்டலாம், 'மேகம் திரட்டும் ஜீயஸை'யும் மாட்டலாம். இரு காவியத்திலும் ஏறக்குறைய பாதி, பாத்திரங்களின் பேச்சு. அப்படியிருக்க, 'சொன்னான்' என்பதற்கு ஒவ்வொரு முறையும் புதிதாக அடி யோசிக்க வாய்மொழிப் பாணனுக்கு நேரமில்லை. அந்த ஓர் அடி நேரத்தில் அவன் மனம் அடுத்த பேச்சுக்குப் போய்விடும்.

இதை முறையாக நிறுவியவர் அமெரிக்கர் மில்மன் பேரி. 1928-ல் பாரிஸில் சமர்ப்பித்த ஆய்வில் அவர் காட்டியது இரண்டு: ஒவ்வொரு முக்கியப் பெயருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வாய்பாடு (அந்த அளவுக்கு வார்த்து வைத்த தொடர்) இருக்கிறது, ஓர் இடத்துக்குப் பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் இல்லை. இவ்வளவு நிறைவும் இவ்வளவு சிக்கனமும் சேர்ந்த ஏற்பாட்டைத் தனியொரு கவிஞன் உட்கார்ந்து உருவாக்க முடியாது, தலைமுறை தலைமுறையாகப் பாடிப் பாடித்தான் வந்திருக்கும் என்பது அவர் வாதம். சிக்கனத்துக்கு விதிவிலக்கும் உண்டு. ஹீரா தேவிக்கு 'பொஓபிஸ் பொத்னிய ஹேரே' (பசுக்கண் தலைவி ஹீரா), 'தெஆ லெவ்கோலெனொஸ் ஹேரே' (வெண்கரத் தேவி ஹீரா) என்று இரண்டு. அளவு ஒன்றேதான், இரண்டும் மெய்யில்தான் தொடங்குகின்றன, எந்த இடத்திலும் ஒன்றுக்குப் பதில் மற்றது பொருந்தும். பழையது ஒன்று, புதியது ஒன்று, இரண்டையும் விட மனமில்லை போலிருக்கிறது. மரபு தொழிற்சாலை இல்லையே.

பேரி ஏட்டோடு நிற்கவில்லை. 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியாவில், ஒற்றை நரம்பு 'குஸ்லே' வாசித்துப் பத்தசை அடியில் கதை பாடும் பாணர்களைத் தேடிப் போய் அலுமினியத் தட்டுகளில் பதிவு செய்தார். உடன் போனவர் மாணவர் ஆல்பர்ட் லார்ட். அவர்களுக்கு அகப்பட்டவர்களில் ஒருவர் அவ்தோ மெஜெதோவிச். எழுதப் படிக்கத் தெரியாத கசாப்புக்காரர்; ஒரே கதையை 12,000 அடிக்கு மேல் சொன்னார். இன்னொரு பாணர் சுமார் 2,300 அடியில் பாடிய, தான் அதுவரை கேட்டிராத கதையை ஒரே முறை கேட்டுவிட்டு, உடனே அதை 6,300 அடிக்கு மேல் விரித்துப் பாடினார். விரிவு எங்கே வந்தது என்பதுதான் முக்கியம். புதுச் சம்பவங்களைத் திணிக்கவில்லை. குதிரையை அலங்கரிப்பது, வீரன் உடுத்துவது, அவன் மனதில் ஓடுவது இவற்றையெல்லாம் நீட்டினார். பேரி 1935-லேயே, 33 வயதில் இறந்துபோனார். லார்டின் நூல் 1960-ல் வந்தது.

அந்த அலை தமிழையும் தொட்டது. ஜார்ஜ் தாம்சன் என்ற கிரேக்க அறிஞரிடம் பர்மிங்காமில் ஆய்வு செய்த பேராசிரியர் க. கைலாசபதி, சங்கப் பாடல்களை இந்த வாய்மொழிக் கோட்பாட்டால் ஆராய்ந்து எழுதிய ஆங்கில நூல் 1968-ல் வெளியானது. சங்கப் பாட்டு, அதுவும் சிற்றளவில் செறிந்த அகவல், பாடும்போதே புனையப்பட்டது என்பதைப் பின்னால் வந்தவர்களில் பலர் ஏற்கவில்லை. என் கருத்தும் அதுதான். 16 அசையில் சொல்லிவிடக்கூடியதை மூன்று அடிக்கு நீட்டும் சுதந்திரம் ஹோமருக்கு உண்டு, குறுந்தொகைக்கு இல்லை.

வாய்பாட்டு மொழி யாரும் வீட்டில் பேசிய மொழி இல்லை. அயோனிய வழக்கு அடித்தளம், அதன்மேல் அயோலிய வடிவங்கள், அவற்றுக்கும் பழைய எச்சங்கள், எல்லாம் கலந்தது. 'இருத்தல்' என்பதற்கு ஹோமரிடம் ஐந்து வடிவம்: எம்மெனய், எமெனய், எம்மென், எமென், எய்னய். எந்த இடத்துக்கு எது அளவோ அது. பழையது கழியாமல் தங்கியதற்கு நல்ல சாட்சி, எழுத்தில் இல்லாத 'வ்'. இலியட்டின் ஏழாம் அடியில் 'அத்ரெஇதேஸ் தெ அனக்ஸ் அன்த்ரோன்' என்று வருகிறது. 'தெ'யும் 'அனக்ஸ்' என்பதன் 'அ'வும் நேருக்கு நேர் மோதுகின்றன. விதிப்படி 'தெ'யின் உயிர் கெட்டிருக்க வேண்டும், கெடவில்லை. அந்தச் சொல் ஒரு காலத்தில் 'வனக்ஸ்' என்று ஒலித்திருந்தால் மோதலே இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் ரிச்சர்ட் பென்ட்லி, காணாமல்போன இந்த 'வ்' ஹோமரின் அடிகளில் வேலை செய்வதைக் கண்டுகொண்டார். 1952-ல் மைக்கேல் வென்ட்ரிஸ் 'லீனியர் பி' என்ற மிகப் பழைய எழுத்தில் இருந்த களிமண் பலகைகளை வாசித்தபோது 'வ-ன-க' என்று அந்தச் சொல்லே கையில் கிடைத்தது.

இதைவிட வினோதமானது நொண்டும் அடி ஒன்று. 'ஆண்மையையும் இளமையையும் விட்டு, தன் விதியை நினைத்து அழுதுகொண்டே உயிர் பிரிந்தது' என்ற அடி இலியட்டில் இரண்டே இடத்தில் வருகிறது: 16-ஆம் காண்டத்தில் அகிலீஸின் உயிர்த்தோழன் பாட்ரோக்ளஸ் சாகும்போது, 22-ஆம் காண்டத்தில் டிராய் இளவரசன் ஹெக்டர் சாகும்போது. அதில் 'அன்த்ரொதேத' என்ற சொல்லின் முதல் அசை, பின்னால் மெய்கள் குவிவதால் நெடில். ஆனால் அந்த இடம் கேட்பது குறில். அலகிட்டால் இடறும். சமஸ்கிருதத்தில் 'ரு' உயிராக நிற்பது போலக் கிரேக்கத்திலும் 'ர்' உயிராக ஒலித்த காலத்தில் கட்டிய அடி இது, உச்சரிப்பு மாறிய பிறகும் யாரும் கைவைக்கவில்லை என்று பலர் விளக்குகிறார்கள், மறுப்பவர்களும் இருக்கிறார்கள். விளக்கம் எதுவானாலும், காவியத்தின் இரண்டு பெரிய சாவுகளுக்கும் அதே நொண்டும் அடியே பொருந்தி நிற்கிறது.

அப்படியானால் அடைமொழி வெறும் இட நிரப்பியா? பேரி கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னார். முழுக்க ஏற்க முடியாது. ஆறாம் காண்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெக்டரின் நிரந்தர அடைமொழி 'மின்னும் தலைக்கவசம்'. மனைவி ஆந்த்ரமகி போருக்குப் போகாதே என்று கெஞ்ச, 440-ஆம் அடியில் 'மின்னும் தலைக்கவசப் பெரிய ஹெக்டர்' பதில் சொல்லத் தொடங்குகிறான். இதுவரை பல தடவை கேட்டுப் பழகிய அடைமொழி, யாரும் நின்று கவனிக்க மாட்டார்கள். 26 அடி தள்ளிக் குழந்தையை வாங்கக் கை நீட்டுகிறான். குழந்தை வீறிட்டுத் தாதியின் மார்பில் புதைகிறது. வெண்கலமும் உச்சியில் ஆடும் குதிரைமயிர்க் குஞ்சமும் பார்த்துப் பயம். அப்பாவும் அம்மாவும் சிரிக்கிறார்கள். ஹெக்டர் தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் வைக்கிறான். அது அங்கேயே மின்னிக்கொண்டு கிடக்க, பிள்ளையை முத்தமிட்டுத் தூக்கி ஆட்டுகிறான். அடைமொழி ஒரு பொருளாகிக் கீழே இறங்கிவிட்டது. கழற்றும் அடியின் (472) பின்பாதி 'தலைக்கவசத்தை எடுத்தான் ஒளிர் ஹெக்டர்'. போருக்குத் திரும்ப அதை மாட்டிக்கொள்ளும் அடியின் (494) பின்பாதியும், எழுத்து மாறாமல், அதேதான். நடுவில் இருக்கும் 20 சொச்சம் அடிகள் மட்டும்தான் அவன் அப்பனாக இருந்த நேரம். இது இட நிரப்பியின் வேலை என்று எனக்குத் தோன்றவில்லை.

சொல்லுக்கு வாய்பாடு இருப்பது போலக் காட்சிக்கும் வார்ப்பு உண்டு. வால்டர் ஆரெண்ட் 1933-ல் இவற்றை வகைப்படுத்தினார்: பலியிடுதல், விருந்தோம்பல், கப்பல் கிளம்புதல், ஆயுதம் தரித்தல். கடைசியானது இலியட்டில் நான்கு இடத்தில் விரிவாக வருகிறது: பாரிஸ் (3-ஆம் காண்டம்), அகமெம்னான் (11), பாட்ரோக்ளஸ் (16), அகிலீஸ் (19). வரிசை எப்போதும் ஒன்றே. முதலில் வெள்ளிக் கொக்கி வைத்த கணைக்கால் கவசம், பிறகு மார்புக் கவசம், தோளில் வாள், கேடயம், தலைக்கவசம், கடைசியாக ஈட்டி. இது அழகுக்காக வந்த வரிசை இல்லை. மார்புக் கவசம் மாட்டிய பிறகு குனிந்து காலைக் கட்ட முடியாது. குஞ்சம் வைத்த தலைக்கவசம் ஏறிவிட்டால் வாள்வாரையும் கேடய வாரையும் தலைவழியாகப் போட முடியாது.

வரிசை மாறாததால்தான் ஒவ்வொருவரிடமும் எது மாறுகிறது என்று தெரிகிறது. ஹெக்டரின் தம்பி பாரிஸ் மாட்டுவது தம்பி லைகேயனின் மார்புக் கவசம். அடுத்தவன் பெண்டாட்டிக்காக ஊரையே போரில் இழுத்துவிட்டவனிடம் நேருக்கு நேர் நின்று சண்டை போடச் சொந்தக் கவசம் இல்லை. கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னானின் கவசத்தில் கருநீலப் பட்டை 10, பொன் 12, தகரம் 20. ராஜா என்று எடையிலேயே காட்ட வேண்டும் அவனுக்கு. பாட்ரோக்ளஸ் அணிவது அகிலீஸின் உடைமைகளை. கணைக்கால், மார்பு, வாள், கேடயம், தலை எல்லாம் வரிசைப்படி ஏறி, ஈட்டிக்கு வரும்போது அடி திசை மாறுகிறது: ஒன்றை மட்டும் அவன் எடுக்கவில்லை, அகிலீஸின் ஈட்டியை. பீலியன் மலைச் சாம்பல்மரத்தில் செய்தது, கைரோன் பேலேவுக்குக் கொடுத்தது, கனத்தது, நீண்டது, வேறு எந்தக் கிரேக்கனாலும் வீச முடியாதது. நாலே அடி. பாட்ரோக்ளஸ் திரும்பி வரமாட்டான் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று காண்டம் தள்ளி அகிலீஸ் அந்த ஈட்டியை உறையிலிருந்து உருவும்போது அதே நாலு அடி, அப்படியே திரும்பி வருகிறது.

விருந்தோம்பல் வார்ப்பும் இப்படித்தான். வாசலில் ஆள் நிற்பதை வீட்டான் பார்க்கிறான், எழுந்து போய்க் கை பிடித்து அழைக்கிறான், ஈட்டியை வாங்கி வைக்கிறான், உட்கார்த்துகிறான். பொற்கெண்டியில் தண்ணீர், கீழே வெள்ளித் தாம்பாளம், கை கழுவல், மேசை, ரொட்டி, இறைச்சி, மது. உண்டு முடித்த பிறகே 'நீங்கள் யார், எந்த ஊர்?' என்ற கேள்வி. ஒடிசியின் முதல் காண்டத்தில் ஒடிஸியஸின் மகன் டெலிமாகஸ் இதைப் பிசகாமல் செய்கிறான். ஒன்பதாம் காண்டத்தில் ஒற்றைக்கண் பாலிஃபீமஸ் குகைக்குள் ஆட்களைக் கண்டதும் எடுத்த எடுப்பில் 'யார் நீங்கள்?' என்கிறான். பழகிய காது அங்கேயே திடுக்கிட்டுவிடும். விருந்து வைக்க வேண்டியவன் விருந்தாளியைத் தின்கிறான். விருந்தாளிக்குத் தரும் பரிசு என்ன என்றால், உன்னைக் கடைசியாகத் தின்கிறேன் என்பதுதான்.

கேள்வி-பதில் வரிசையிலும் ஒரு மரபு உண்டு: பதில் தலைகீழாக வரும். கடைசிக் கேள்விக்கு முதலில், முதல் கேள்விக்குக் கடைசியில். கேட்கிறவர்களுக்குக் கடைசிக் கேள்விதான் காதில் நிற்கும் என்பதால் வாய்மொழிக்கு இது வசதி. ஒடிசியின் 11-ஆம் காண்டத்தில் ஒடிஸியஸ் செத்தோர் உலகில் தன் தாயைக் காண்கிறான். உன்னைக் கொன்றது எது, நெடுநாள் நோயா, ஆர்ட்டெமிஸின் அம்பா என்று தொடங்கி, அப்பா எப்படி, மகன் எப்படி, என் அரசுரிமை யார் கையில், மனைவி காத்திருக்கிறாளா என்று முடிக்கிறான். தாய் மனைவியிலிருந்து தொடங்குகிறாள்: இருக்கிறாள், அழுதுகொண்டு. அரசுரிமையும் மகனும் பத்திரம். அப்பா ஊருக்குள் வருவதில்லை. தோட்டத்தில், குளிர்காலத்தில் அடிமைகளோடு அடுப்புச் சாம்பலருகே தூங்குகிறார். இப்படி ஒவ்வொரு பதிலாக வந்து, முதல் கேள்வி கடைசியில் மிஞ்சுகிறது. நோயும் இல்லை, அம்பும் இல்லை. உன் ஏக்கம்தான் என் உயிரைக் குடித்தது. மரபு வழக்கம்போல நடந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் கவிஞர் கேள்விகளை அடுக்கும்போதே இந்தப் பதில் எங்கே போய் விழும் என்று அவருக்குத் தெரியும்.

நெடிய உவமைகள் இலியட்டில்தான் மிகுதி. நாலாம் காண்டத்தில் கிரேக்க வேந்தன் மெனலாஸ் மேல் அம்பு பட்டு ரத்தம் தொடையில் வழிகிறது. மியோனிய அல்லது காரியப் பெண்ணொருத்தி குதிரையின் கன்னத்து அணிக்காகத் தந்தத்துக்குச் செஞ்சாயம் ஏற்றுவது போல என்கிறார் ஹோமர். சாயம், தந்தம், நிறம் என்று ஒப்புமை முடிந்துவிட்டது. அவர் நிறுத்துவதில்லை. அந்த அணி உள்ளறையில் கிடக்கிறது, குதிரை வீரர்கள் பலர் ஆசைப்படுகிறார்கள், ஆனால் அது அரசனுக்கென்று வைத்தது, குதிரைக்கு அழகு, ஓட்டுகிறவனுக்குப் பெருமை. பிறகுதான் தொடைக்கும் கணுக்காலுக்கும் திரும்பி வருகிறார். ரத்தம் வழியும் நேரத்தில் ஒரு பெண்ணின் கைவேலையும் பூட்டிய அறையும் நாலைந்து அடிக்கு வந்து போகின்றன. போர்க்களத்தில் இல்லாத உலகம் பெரும்பாலும் இலியட்டில் உவமை வழியாகத்தான் உள்ளே வருகிறது.

கப்பல் பட்டியலை (இரண்டாம் காண்டம், 494 முதல்) தாண்டிப் போகாதவர் அரிது. 29 அணிகள், மொத்தம் 1,186 கப்பல். அகமெம்னானுக்கு 100, நெஸ்டருக்கு 90, அகிலீஸுக்கு 50, ஒடிஸியஸுக்கு வெறும் 12. பத்து நாக்கும் பத்து வாயும் இருந்தாலும் என்னால் முடியாது என்று கலைத்தேவியரைக் கூப்பிட்டுவிட்டுத்தான் தொடங்குகிறார். பாணனுக்கு இது நினைவாற்றலின் உச்சப் பரீட்சை. தன் ஊர்ப் பெயர் வருமா என்று காத்திருந்த கேட்போருக்கு அது இருபது நிமிடப் பரபரப்பு. நமக்கு இரண்டும் இல்லை, வேகமாகப் போகலாம்.

வாய்மொழியில் பிசகும் நேரும். ஐந்தாம் காண்டத்தில் மெனலாஸ் கொன்ற பைலமெனிஸ், 13-ஆம் காண்டத்தில் தன் மகனின் பிணத்துக்குப் பின்னால் அழுதுகொண்டு போகிறான். பாடும்போது யாருக்கு நினைவிருக்கும்? 'பிள்ளைக்குப் பின் நடக்கும் தகப்பன்' என்ற வார்ப்பு வந்தது, தகப்பன் செத்தது மறந்தது. இதைவிடச் சிக்கலானது ஒன்பதாம் காண்டம். அகிலீஸிடம் தூது போகிறவர்கள் ஃபீனிக்ஸ், அஜாக்ஸ், ஒடிஸியஸ் என மூவர். கூட இரண்டு கட்டியக்காரர்கள். ஆனால் அவர்கள் கடற்கரையோரம் நடக்கும் அடிகளில் வினைச்சொல் இருமையில் இருக்கிறது. கிரேக்கத்தில் ஒருமை, பன்மை தவிர இருவருக்கென்றே தனி வடிவம் உண்டு. இருவர் மட்டுமே போன பழைய பாட்டில் ஃபீனிக்ஸ் பின்னால் சேர்க்கப்பட்டான் என்பது ஒரு விளக்கம். கட்டியக்காரர்களைத்தான் குறிக்கிறது என்பது இன்னொன்று. முதலாவதுதான் எனக்கு நம்பும்படி இருக்கிறது. ஃபீனிக்ஸின் பேச்சு அந்தக் காண்டத்திலேயே மிக நீளமானது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பாட்டில் அவ்வளவு பெரிய துண்டைச் செருகினால் பழைய இலக்கணம் எங்காவது துருத்தத்தான் செய்யும்.

வாசிக்கத் தொடங்குகிறவருக்குச் சில விஷயங்கள். இலியட்டில் மரக்குதிரையைத் தேடாதீர்கள். அது ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிகிறது. பத்தாண்டுப் போரின் கடைசி வருடத்தில் சுமார் 50 நாள்தான் அதன் கதை. குதிரை ஒடிசியில், அதுவும் பிறர் சொல்லும் கதையாக வருகிறது. மொழிபெயர்ப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, திரும்ப வரும் அடியைத் திரும்ப வரும்படியே வைத்திருக்கிறதா என்று பாருங்கள். 1951-ல் வந்த ரிச்மண்ட் லாட்டிமோரின் ஆங்கில இலியட் இந்த விஷயத்தில் நாணயமானது, கொஞ்சம் விறைப்பு. 2017-ல் வந்த எமிலி வில்சனின் ஒடிசி சரளமாக ஓடும், ஆனால் விடியல் ஒவ்வொரு முறையும் வேறு சொற்களில் புலரும். இந்தக் கட்டுரையில் சொன்னவற்றைத் தேடுகிறவர்களுக்கு அது உதவாது.

முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றில்லை. மூன்றாம் காண்டத்தில் 328 முதல் 338 வரை, 16-ல் 130 முதல் 144 வரை, 19-ல் 369 முதல் 391 வரை, இந்த மூன்றையும் அடுத்தடுத்து வாய்விட்டு வாசியுங்கள். மூன்றும் சேர்ந்து 50 அடிகூட இல்லை. பிறகு 22-ஆம் காண்டத்துக்குப் போனால், ஹெக்டர் அணிந்திருப்பது யாருடைய கவசம், அவனைக் கொல்வது எந்த ஈட்டி என்று அடிக்குறிப்பு தேட வேண்டியிருக்காது.